மெழுகிய அடுப்பு

அடுப்புக்குள் கையை விட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

மண் அடுப்பு. சாணம் போட்டு மெழுகியிருந்தது, ஈரம் இன்னும் முழுதாகக் காயவில்லை. விரலால் உள்பக்கம் துழாவினேன். சாம்பல் இல்லை. பேருக்கு ஒரு கரித்துண்டுகூட இல்லை. நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். புகை ஏறிய கறுப்பு எங்கும் காணோம். வேய்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தால் அதிகம், கீற்று பழுப்பாகவே இருந்தது.

மணி பதினொன்று இருக்கும். எங்கள் பக்கத்து வீடுகளில் அந்நேரத்துக்குக் காலைக் களி கிண்டி இறக்கி, அடுப்பில் கங்கு நீறு பூத்துக் கிடக்கும். அந்தச் சூடு என் கைக்குத் தெரியும்.

“நேத்து என்னம்மா சமைச்ச?” என்று கேட்டேன்.

அந்த வீட்டுக்காரி பெயர் தீர்த்தம்மாள். முப்பது வயதுக்குள் இருப்பாள். நிலைப்படியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் வாசலில் தலையாரி மாதையன் நின்றிருந்தார். மண்சுவருக்கு அந்தப் பக்கம் தீர்த்தம்மாளின் கணவனுடைய அண்ணன் வீடு. அண்ணன் மனைவி ராஜம்மா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“களி கிண்டுனேங்க. கீரை கடைஞ்சேன்.”

“இன்னைக்கு?”

“இன்னைக்கும் அதேதாங்க. வெள்ளனவே முடிச்சு மெழுகிட்டேன்.”

நான் சிரித்தேன். எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் சிரித்தேன் என்பது உண்மை. “களி கிண்டுன அடுப்புல சாம்பல் எங்கம்மா போச்சு? காத்து வந்து கூட்டி அள்ளிக்கிட்டுப் போயிடுச்சா?”

 மாதையன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

வெளியே வந்து சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டேன். “ஏம்மா, இவுங்க உங்க கூடத்தான சாப்பிடறாங்க?”

ராஜம்மா ஒரு கணம் விழித்தாள். பிறகு, “ஆமாங்க, நாங்க எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கறோம்” என்றாள்.

நோட்டைத் தொடையில் வைத்து ஒரு வரி எழுதினேன். ‘தனி அடுப்பு இல்லை. மூத்தவர் குடும்பத்துடன் உண்கிறார்.’ அவ்வளவுதான். இந்த வார அத்தியாயம் முழுக்க அந்த ஒரு வரியைப் பற்றியது.

சாம்பலக்கா

போன வாரம் நான் வேலையில் சேர்ந்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் எழுதியிருந்தார். ‘ரேஷன் பிரிவில் இருந்தவர் என்கிறீர்கள், கை சுத்தம்தானா?’ என்று. ஐயா, காசு விஷயத்தில் என் கை சுத்தம். அந்தச் சுத்தம்தான் எனக்குத் தலைக்கேறியிருந்தது. லஞ்சம் வாங்காதவர்களுக்கு வரும் ஒரு திமிர் உண்டு. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

எண்பதுகளில் ஒரு வறட்சிக் காலம். கிணறுகள் பாறை தெரியக் கிடந்தன. சித்தேரி மலையிலிருந்து இறங்குகிற சாமை மூட்டை அந்த வருடம் இறங்கவே இல்லை. கம்பைநல்லூர் சந்தையில் வாரத்துக்கு வாரம் விலை ஏறியது. ஏழை வீட்டுத் தானியம் என்று பெயர் வாங்கிய ராகி ரேஷன் அரிசியைவிட விலை கூடி நின்றது. அரிசிச் சோறு தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் என்றிருந்த சனம், களிக்கு வழியில்லாமல் ரேஷன் அரிசி தின்ன ஆரம்பித்தது. ‘இந்த அரிசி வாடை அடிக்குது’ என்று மூக்கைச் சுளித்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சோறு வந்திருந்தது. ஏரி தூர் வாரும் நிவாரண வேலை போட்டார்கள், கூலியில் ஒரு பங்கு அரிசியாகவே கிடைக்கும். ரேஷன் கடையில் அரிசியோடு பாமாயில் வந்தது. எல்லாம் இருந்தது. அதில் கை நீட்ட ஒரு கார்டு வேண்டும். கடையில் அரிசிக்குக் கார்டு. எங்கள் பக்கத்து ஏரி வேலையிலும் ‘கார்டுக்கு ஒரு ஆள்’ என்று ஒரு எழுதாத சட்டம் வைத்திருந்தார்கள். கார்டு இருக்கிற வீட்டில் ஒருவர் மண் சுமந்து பிழைக்கலாம். இல்லாத வீடு பெங்களூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

போலிக் கார்டு அதிகமாகிவிட்டது, வீடு வீடாகப் போய்ப் பார்த்து ஒழியுங்கள் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. குடும்பம் என்றால் என்ன? உத்தரவில் தெளிவாக இருந்தது: ஓர் அடுப்பில் உண்பவர்கள் ஒரு குடும்பம். தனி அடுப்பு எரிந்தால் தனிக் கார்டு.

“அடுப்படி வரைக்கும் போய்ப் பார்க்கணும்னா ஒரு பொம்பளதான் போகணும். மேரி, நீ போம்மா” என்றார் எங்கள் அதிகாரி. அலுவலகத்தில் ஒரே பெண் நான். இருபத்து நான்கு வயது. இளநிலை உதவியாளர், தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். வேலை நிரந்தரமாகிற வரைக்கும் யார் வாயிலும் விழக்கூடாது என்று அப்பா தினமும் ஓதி அனுப்புவார்.

அடுப்பு பார்ப்பது ஒரு வித்தை. சனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே சட்டியில் தின்றுகொண்டு, நாங்கள் வந்தால் மட்டும் திண்டில் மூன்று கல்லை வைத்து, ‘இது தம்பி அடுப்புங்க’ என்பார்கள். பக்கத்து வீட்டுச் சாம்பலைக் கடன் வாங்கிக் கொட்டி வைப்பார்கள். ஒரு ஊரில் ஒரு கிழவர் சிம்னி விளக்கின் கரியைத் துணியில் எடுத்து அடுப்புக் கல்லில் பூசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “கல்லுக்கு மை வெக்கறேன், திருஷ்டி படாம இருக்கட்டும்” என்றார். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன், கார்டை ரத்து செய்துவிட்டு வந்தேன்.

ஆகவே நான் ஏமாறுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு நேராக அடுப்படிக்குப் போவேன். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, “உள்ள வேணாங்க, இங்கிருந்தே பாத்துக்குங்க” என்ற வீடுகளும் இருந்தன. அரசாங்க வேலை என்று சொல்லி அங்கேயும் போனேன். சூடு இருக்கிறதா, சாம்பலுக்கு வயது என்ன, கூரையில் புகை படிந்திருக்கிறதா, மூன்றையும் பார்ப்பேன். இரண்டே மாதத்தில் ஊர்களில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ‘சாம்பலக்கா வராங்க’ என்று பிள்ளைகள் முன்னால் ஓடிப்போய்ச் சொல்லும். எனக்கு அது பட்டம் கட்டின மாதிரி இருந்தது.

தீர்த்தம்மாள் வீட்டு அடுப்பு அந்த மூன்று சோதனையிலும் தோற்றது. சூடு இல்லை, சாம்பல் இல்லை, புகை இல்லை. போதாக்குறைக்குப் பொய் வேறு. ஓரகத்தி வாயாலேயே சாட்சியும் கிடைத்தது. எந்த அதிகாரி பார்த்தாலும் நான் எழுதியதைத்தான் எழுதியிருப்பார். இப்படிச் சொல்லித்தான் பல வருடம் மனசைத் தேற்றினேன்.

தீர்த்தம்மாளின் கார்டு ரத்தானது. அவள் பெயரும் இரண்டு பெண் பிள்ளைகள் பெயரும் மூத்தவர் கார்டில் ஏறின. ஏரி வேலை நோட்டில் அவள் பெயர் அடிக்கப்பட்டது.

புல்லுக்கட்டு

கொஞ்சம் பின்னால் போகிறேன். இதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் ஒரு பஞ்சம் வந்தது. எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு, ஊரில் விவசாயக் குடும்பம் என்று பெயர் உண்டு, பானையில் மட்டும் ஒன்றும் கிடையாது. பங்குக் கோயிலில் சாமியார் கோதுமை கொடுத்தார். ஒரு வீட்டுக்கு ஒரு பை.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். வாங்கிக்கொண்டு நேர் வழியில் திரும்ப மாட்டாள். ஓடை ஓரமாகச் சுற்றிப் போய், கருக்கரிவாளால் காய்ந்த புல்லை அறுத்து, பையின் மேல் வைத்துக் கட்டித் தலையில் ஏற்றிக்கொள்வாள். யாராவது எதிரே வந்தால், “மாட்டுக்குப் புல்லு, வேற என்ன” என்பாள். எங்கள் மாட்டை அதற்கு முந்தின மாதமே விற்றாகிவிட்டது. ஊருக்கே அது தெரியும். தெரிந்தும், “ஆமா ஆமா, மாடு வாயில்லா ஜீவன்” என்று சொல்லிவிட்டு வழிவிடுவார்கள்.

எங்கள் ஊர்களில் பசியை இப்படித்தான் கொண்டு போவார்கள், எதையாவது போட்டு மூடி. எதிரே வருகிறவர்கள் மூடியிருப்பதைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். அது மரியாதை. அந்தப் புல்லுக்கட்டுக்குப் பின்னால் நடந்து வளர்ந்தவள் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

பூவரச இலை

ஒன்றரை மாதம் கழித்து அதே ஊருக்கு மறுபடி போனேன். கார்டு ரத்தானவர்களிடம் ஆட்சேப மனு வாங்குகிற நாள். பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டிருந்தது. கூட்டம் வந்தது, சத்தம் போட்டது, போனது. தீர்த்தம்மாள் வரவில்லை. வராதது என் வரிக்கு இன்னொரு சாட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் மணி அடித்தார்கள். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்தன. சத்துணவு அமைப்பாளர் சரோஜா எனக்குத் தெரிந்த பெண், கடத்தூர்க்காரி. எனக்கும் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தாள். சோறும் சாம்பாரும்.

நான் வாயில் வைக்கப் போகும்போது ஒரு சிறுமி எழுந்தாள். எட்டு வயது இருக்கும். தட்டில் சோறு அப்படியே இருந்தது. அதன்மேல் பூவரச இலைகளை அடுக்கி மூடி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள். அவளைவிடச் சின்னவள் ஒருத்தி இன்னொரு தட்டோடு பின்னால் போனாள்.

“இங்கேயே சாப்பிடணும்னுதான சட்டம்?” என்றேன். பழக்க தோஷம்.

“சட்டந்தாங்க” என்றாள் சரோஜா. “பெரியவ செல்வி, சின்னவ கஸ்தூரி. தீர்த்தம்மா புள்ளைங்க. தினம் வூட்டுக்குத்தான் கொண்டு போவுதுங்க. நான் அந்தாண்ட திரும்பிக்குவேன். ஒரு கரண்டி சேத்துப் போடுவேன். வேற நான் என்னா பண்ண?”

“எதுக்குக் கொண்டு போறாங்க?”

சரோஜா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “அவுங்கம்மாவுக்குங்க.”

“அவங்கதான் மூத்தவர் வீட்டுல சாப்பிடறாங்களே?”

“யாரு சொன்னா?” என்றாள் சரோஜா. “பாகம் பிரிச்சப்ப வந்த சண்டைல ரெண்டு வூடும் பேசியே ஒரு வருசம் ஆவுதுங்க. தண்ணிகூடப் பொழங்கறதில்ல. அவ புருசன் பெங்களூருக்கு மண்ணு வெட்டப் போனவன், ஆளும் வரல, சேதியும் வரல.”

என் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

தூரத்தில் பிள்ளைகள் போவது தெரிந்தது. செல்வி வேகமாக நடக்கவில்லை, சோறு சிந்திவிடும் என்று அடி அளந்து நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். 

நான் வாசலை அடைந்தபோது மூவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு தட்டுச் சோற்றையும் ஒன்றாகக் கொட்டி, தீர்த்தம்மாள் உருண்டை பிடித்துப் பிள்ளைகள் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். சின்னவளுக்கு ஒன்று, பெரியவளுக்கு ஒன்று, மறுபடி சின்னவளுக்கு. என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையால் வாயைத் துடைத்தாள். வாயில் ஒன்றும் இல்லை. அவள் இன்னும் சாப்பிட ஆரம்பித்திருக்கவில்லை.

“வாங்க” என்றாள். “சாப்புடறீங்களா?”



அவளுக்குப் பின்னால் அடுப்பு இருந்தது. அன்றைக்கும் மெழுகி ஈரமாக இருந்தது. பக்கத்தில் சாணிச் சட்டி.

“அக்கா” என்றேன். அன்றைக்குத்தான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். “எரியாத அடுப்ப எதுக்கு தினம் மெழுகறீங்க?”

“சும்மா வுட்டா பூனை வந்து படுத்துக்குதுங்க” என்றாள்.

அடுப்பில் பூனை உறங்குது என்று நாம் ஒரு பேச்சுக்குச் சொல்வோம். நானே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டில் அது பேச்சாக இல்லை.

“பூனை படுத்தது வெளிய தெரிஞ்சா நாலு பேரு என்னா சொல்லுவாங்க? ஈரமா இருந்தா சமைச்சு முடிச்சு மெழுகிட்டான்னு போயிடுவாங்க. பூனையும் ஈரத்துல படுக்காது.”

“அன்னைக்கு என்கிட்டயாவது உள்ளதச் சொல்லியிருக்கலாமே அக்கா. களி கிண்டுனேன்னு ஏன் சொன்னீங்க?”

அவள் குரல் உயரவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “தலையாரி நிக்கறாரு. செவுத்துக்கு அந்தாண்ட மூத்தாரு பொண்டாட்டி நிக்கறா. கூலி அரிசி வந்தா ரெண்டு நாளு எரியும், அது தீந்து மூணு நாளா அடுப்பு பத்த வெக்கலன்னு அவுங்க காது கேக்க எப்படிங்க சொல்றது? நீங்க இன்னைக்கு வந்துட்டு நாளைக்குப் போயிடுவீங்க. நான் இங்கதான இருக்கோணும்.”

ராஜம்மா ஏன் ‘ஒண்ணாத்தான் இருக்கறோம்’ என்றாள் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு சுவர் தள்ளித் தம்பி பெண்சாதி பட்டினி கிடக்கிறாள், நாங்கள் கண்டுகொள்வதில்லை என்று ஒரு அரசாங்க ஆளிடம் எந்த மருமகள் சொல்வாள்? இரண்டு பெண்களும் மானத்துக்காக ஆளுக்கு ஒரு பொய் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துத் தைத்து நான் ஒரு உண்மை செய்துவிட்டேன்.

“மூத்தவர் கார்டுல உங்க மூணு பேருக்கும் அரிசி ஏறுதே, குடுக்கறதில்லையா?”

“கேக்கல” என்றாள். “கேட்டு அவ இல்லைன்னுட்டா, அப்புறம் நாங்க எங்க மூஞ்சிய வெச்சுக்கறது?”

ஆறு மாசம்

மறுநாள் காலை அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. என்னை உட்காரச் சொல்லி டீ வாங்கி வரச் செய்தார்.

“தப்புன்னு எழுதிக் குடுக்கறேன் சார். அவங்க கார்ட திருப்பிக் குடுத்துடலாம்.”

“அவசரப்படாத மேரி. உன் ரிப்போர்ட்டுக்குக் கீழ என் கையெழுத்து இருக்கு. லிஸ்ட் மேல போயாச்சு. நீ தப்புன்னு எழுதுனா, விசாரணைன்னு ஒருத்தர் வருவாரு. அவரு வர மூணு மாசம், முடிக்க மூணு மாசம். உன் தகுதிகாண் பருவத்தையும் நீட்டிடுவாங்க. அதெல்லாம் போகட்டும், ஆறு மாசம் அந்தப் பொம்பள என்னத்தத் தின்பா?”

“வேற வழி?”

“புது விண்ணப்பம் வாங்கு. கூடவே ஒரு வாக்குமூலம். ‘முன்னாடி நான் மூத்தவர் வீட்டில்தான் சாப்பிட்டு வந்தேன், தனியாக இருப்பதாகப் பொய் சொல்லிக் கார்டு வைத்திருந்தேன், இப்போது உண்மையாகவே தனியாக வந்துவிட்டேன், மன்னித்துப் புதுக் கார்டு தர வேண்டும்.’ ஒரு கைநாட்டு. ரெண்டு வாரத்துல கார்டு கைக்கு வந்துடும். யாருக்கும் சேதாரம் இல்ல.”

யாருக்கும் சேதாரம் இல்லை. நானும் தலையை ஆட்டினேன். அவள் சீக்கிரம் சாப்பிட வேண்டும், அதற்காகத்தான் ஒப்புக்கொள்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி என் வேலை. எந்தப் பாதி பெரியது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். வாக்குமூலத்தை என் கையாலேயே, நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

அந்த வாரமே மாதையனோடு அவள் வீட்டுக்குப் போனேன். இந்த முறை அவரை வாசலுக்கு வெளியே, புளியமரத்தடியிலேயே நிற்கச் சொல்லிவிட்டேன். புறப்படும்போது வீட்டிலிருந்து ஒரு பையில் ராகி மாவு எடுத்திருந்தேன். அதை நேராக நடுவீட்டில் வைக்கத் தைரியம் வராமல், ஃபைல்களுக்கு அடியில் மறைத்தே கொண்டுபோய் ஓரமாக வைத்தேன்.

“படிச்சுச் சொல்லும்மா, என்னா எழுதியிருக்குது?” என்றாள் தீர்த்தம்மாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். ‘கார்டு கேட்டு மனு’ என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அந்த அளவுக்கு மட்டும் நான் கீழே போகவில்லை. எழுதியதை எழுதியபடியே படித்தேன். படிக்கப் படிக்க என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். செல்வி அம்மாவின் தோளில் சாய்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொய் சொன்னேன்னு போட்டிருக்குதா?”

“ஆமாக்கா.”

“அது சரிதான். சொன்னனே. களி கிண்டுனேன்னு சொன்னனே.” கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்தாள். எழுத்து தெரியாதவர்கள் காகிதத்தைப் பார்க்கிற பார்வை உங்களுக்குத் தெரியுமா? ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தேடுவார்கள். “அந்த மூத்தாரு வூட்ல சோறு தின்னேன்னு ஒண்ணு வருதே, அது எங்கம்மா இருக்குது?”

விரல் வைத்துக் காட்டினேன்.

“இது மட்டும் எடுத்துட முடியுமா? மத்ததெல்லாம் இருக்கட்டும். பிரிஞ்ச நாளா அவுங்க வூட்ல ஒரு வாய் தண்ணி நான் குடிச்சதில்ல. எம்புள்ளைங்களும் குடிச்சதில்ல. அது ஒண்ணுதாம்மா எங்கிட்ட இருக்குது.”

அந்த ஒரு வரியை எடுத்தால் வாக்குமூலமே நிற்காது. அதன்மேல்தான் மற்ற எல்லாமே கட்டியிருந்தது. அதை அவளுக்கு விளக்கினேன். நிதானமாக, அலுவலகத்துக்காரி மாதிரி விளக்கினேன். இதை அடித்துவிட்டு, ‘பார்வையிட்டவர் செய்த தவறு’ என்று ஒரு வரி சேர்த்தால் அந்தப் பொய் போய்விடும், கார்டுதான் தாமதமாகும் என்பதை மட்டும் விளக்கவில்லை.

“எடுக்க முடியாதுங்களா?”

“முடியாதுக்கா.”

அவள் இடது கையை நீட்டினாள். நான் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினேன். சாணி மெழுகி மெழுகி விரல் ரேகை தேய்ந்திருந்தது, முதல் தடவை சரியாகப் பதியவில்லை. இரண்டாவது தடவை அவளே அழுத்தி வைத்தாள். மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள்.

“அரிசி எப்பம்மா போடுவாங்க?” என்று கேட்டாள்.

அதன் பிறகு

கார்டு இரண்டு வாரத்தில் வந்தது. அதிகாரி சொன்ன சொல் தவறவில்லை. முதல் மாத அரிசியை அவள் வாங்கிக்கொண்டு போனதாக மாதையன் வந்து சொன்னார். ஏரி வேலை அதற்குள் முடிந்திருந்தது, அந்தக் கூலி அவளுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த ஊருக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டு நான் விலகிக்கொண்டேன். காரணம் யாரும் கேட்கவில்லை. தீர்த்தம்மாளை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

பள்ளிக்கூடச் சோறு பிள்ளைகளுக்குப் படிப்பு கொடுத்தது, ரேஷன் அரிசி எங்கள் மாவட்டத்தைக் காப்பாற்றியது என்று மேடைகளில் பேசக் கேட்கும்போது நானும் கை தட்டுகிறேன். பொய்யில்லை, காப்பாற்றியது. கை நீட்டினவர்கள் எதைக் கொடுத்து அதை வாங்கினார்கள் என்பதை எந்தப் பதிவேட்டிலும் எழுத இடம் இருந்ததில்லை.

அந்த வருடம் என் தகுதிகாண் பருவம் குறித்த நாளில், ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. உத்தரவுக் காகிதத்தைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா எங்கள் கார்டுச் சர்க்கரையில் எடுத்து வைத்திருந்ததைப் போட்டு சேமியா பாயசம் வைத்தாள். ஒரு டம்ளர் நிறைய ஊற்றி முதலில் என்னிடம்தான் நீட்டினாள்.

வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. வாங்கிக் குடித்தேன். இனித்தது.